மூடியைத் திறக்க விடாத தங்கராசாவுக்கு

என் அருமை மச்சான் தங்கராசா,

நீ செத்துப்போய் இன்னும் முப்பத்தொன்றாம் நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். உன் படத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றிவிடுவோமா என்றுகூட ஒருக்கால் யோசித்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்திய உன் கூட்டாளி எழுதுகிறேன், பிழையை அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

உன் நினைவு மலருக்கு எழுதித் தரச்சொல்லித்தான் என்னைக் கேட்டார்கள். தங்கமான மனுஷன், பொய் வாயில் வராது, எஞ்சின் என்றால் திருகோணமலையில் இவன்தான் என்று இரண்டு பக்கம் புளுகி வைத்திருந்தேன். அதைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. இப்போது எழுதுவது வேறு.

நடந்ததைக் கேள். உன் மனைவி மனோன்மணி போன கிழமை என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, முப்பத்தொண்டு அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு நான் வாடகை வானில வரமாட்டன். அவற்ற காரிலதான் வருவன்."

"அந்த எருமையிலயோ? போய்ச் சேரமுன்னம் அதின்ர புகையில ஐயர் கறுத்துப்போவார், பிள்ளை."

"அப்ப திருத்துங்கோ. இவ்வளவு காலமும் ரெண்டு பேரும் அதுக்கு முன்னால குனிஞ்சு நிண்டு என்னத்தைத் திருத்தினனீங்கள்?"

நல்ல கேள்வி. ஒரு கப்பல் கப்டன் விட்டுப்போன அமெரிக்கக் கார். நீள மூக்கு, இரண்டே கதவு, எட்டுச் சிலிண்டர். உட்துறைமுகப் பக்கம் நீ அதை ஸ்டார்ட் பண்ணினால், பெண்கள் கொடியில் காயப்போட்ட உடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். காற்றுக்கு மிஞ்சிப் பெற்றோலைக் குடிக்கும், கறுப்பாகக் கக்கும். ஸ்பார்க் புளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரின் வெளித் திருகாணியை நான் முறுக்குவேன், நீ சத்தத்துக்குக் காது கொடுத்துத் தலையாட்டுவாய். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. சோக்கைப் பார்த்தோம், காற்று வடிகட்டியை மாற்றினோம். புகை மட்டும் நிற்கவேயில்லை.

"காபரேட்டர் மூடியைத் திறந்து உள்ளுக்குப் பாப்பமே" என்று நான் கேட்டால் போதும், உனக்கு முகம் கடுத்துவிடும்.

"உள்ளுக்கு நான் வடிவாப் பாத்தனான். நீ அதில கை வையாதை."

"ஏன்ரா, உள்ளுக்கு ஆரும் பொம்பிளையை ஒளிச்சு வச்சிருக்கிறியோ?"

நீ சிரிக்கவில்லை. என் பகிடிக்கு நீ சிரிக்காத ஒரே இடம் அதுதான். எஞ்சின்காரனின் கர்வம் என்று நான் விட்டுவிட்டேன்.

மச்சான், நான் திறந்தேன். மனோன்மணி கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருந்து பாலில்லாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பெற்றோல் நிற்க வேண்டிய மட்டத்துக்கு மேலே நின்றது. பெற்றோலில் மிதந்துகொண்டிருந்து, போதும் என்றதும் வழியை அடைக்கிற அந்தப் பித்தளைக் குமிழ், நாங்கள் புளோட் என்பது, தாழ்ந்துபோய்க் கிடந்தது. ஓட்டை விழுந்து உள்ளே பெற்றோல் ஏறியிருக்கும் என்று எடுத்தேன். பாரமாக இருந்தது. குலுக்கினேன், கிலுகிலு என்றது. பெற்றோல் அப்படிக் கிலுங்காது. அடியில் சுற்றிவர ஈயம் வைத்து ஒட்டிய தழும்பு. அது உன் கைவேலை, எனக்குத் தெரியாதா?

அரத்தால் அராவிப் பிரித்தேன். இரண்டு கல்லுத் தோடு என் உள்ளங்கையில் விழுந்தது.

மனோன்மணி முதலில் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு பெயரைத்தான் சொன்னாள்.

"பூமணி."

வாசிக்கிறவர்களுக்குப் பூமணி யார் என்று தெரியாவிட்டால்: மனோன்மணியின் கூடப்பிறந்த தங்கச்சி, இலங்கைத்துறையில் இருக்கிறாள். பிரச்சினைக் காலத்தில் சண்டைக்குப் பயந்து நீங்கள் இரண்டு பேரும் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு இந்தக் காரில் அவள் வீட்டுக்குத்தான் ஓடினீர்கள். வழியெல்லாம் சோதனை, வழியெல்லாம் பறிகாரர். மூட்டையில் இருந்த மனோன்மணியின் தோட்டை நீ எடுத்துப் புளோட்டுக்குள் வைத்து ஒட்டியிருக்கிறாய். மனோன்மணிக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது எதுவும் முகத்தில் எழுதி ஒட்டினதுபோல நிற்கும், அதனால்தானே? அந்தப் புத்திக்கு நான் கும்பிடு போடுகிறேன். எவனும் அங்கே தேடமாட்டான். நானே தேடவில்லை.

ஆனால் போய் இறங்கி மறுநாள் மனோன்மணி மூட்டையை அவிழ்த்தால் தோட்டைக் காணவில்லை. வீட்டில் இருந்த வேற்றுக் கை பூமணியின் கை மட்டும்தான். ஊர் கூடி நிற்க மனோன்மணி அவளைக் கள்ளி என்றாள். பூமணி பிள்ளைகளின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். அன்றைக்கே நீங்கள் வேலிப் படலை தாண்டி வெளியே வந்தீர்கள். அதற்குப் பிறகு தாயின் செத்தவீட்டிலும் அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு மூலையில் இருந்துதான் அழுதார்கள்.

அந்த இடத்தில் நீயும் நின்றாய்தானே? என்ன செய்துகொண்டு நின்றாய், மச்சான்? வாயைத் திறக்கப் பிந்திவிட்டதா? ஒரு நாள் பிந்தியதும் அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டதா? மறந்துபோனாய் என்று நினைக்கத்தான் எனக்கு ஆசை. மறந்தவன் ஏன் மூடியைத் திறக்க விடவில்லை?

கேள், அதற்குப் பிறகும் நான் உன் பக்கம்தான் கதைத்தேன்.

"பிள்ளை, தோடு அலுமாரிக்குள்ள கிடந்தது எண்டு சொல்லுவம். செத்த மனுஷன், விடுவம்."

அவள் பிளேன்ரீக் கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

"ஊர் அறியக் கள்ளி எண்டனான் நான். இப்ப குசினிக்குள்ள நிண்டு குசுகுசுக்கிறதோ? நீங்கள் மலருக்கு எழுதுறீங்கள்தானே, அதில எழுதுங்கோ அண்ணை. நான் சொன்னது, அவர் சொல்லாதது, ரெண்டையும் எழுதுங்கோ."

"மலரில ஆரும் இப்பிடி எழுதுறேல்லை, பிள்ளை. அதில செத்தவர் எல்லாரும் நல்லவர்."

"அப்ப இதையெண்டாலும் சனம் வாசிக்கும்."

அதனால், நீ கொஞ்சம் பொறு, நான் சொந்தங்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன். இலங்கைத்துறைப் பூமணி எதையும் எடுக்கவில்லை. ஒருநாளும் எடுக்கவில்லை.

பழைய காபரேட்டர் ஒன்றில் இருந்து பாரம் இல்லாத வேறு புளோட் கழற்றிப் போட்டேன். திருகாணியில் கால் சுற்றுத்தான், எஞ்சின் சீராக நின்றது. புகைக்குழாய்க்கு முன்னால் வெள்ளை லேஞ்சித் துணியைப் பிடித்தேன், வெள்ளையாகவே இருந்தது. இவ்வளவு காலமும் நான் ஆசைப்பட்ட சத்தம். துள்ளியிருக்க வேண்டும், ஏலவில்லை. மனோன்மணி தோட்டைப் போடவில்லை, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். பூமணிக்கு டெலிபோன் எடுத்தாள். அக்காவின் குரல் என்றதும் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், பிடித்தால் பிடி. கன்னியாவில் உன் காரியம் முடிந்ததும் மனோன்மணியை ஏற்றிக்கொண்டு நேரே இலங்கைத்துறைக்கு விடுவேன். இந்த மலரின் முதல் பிரதி பூமணியின் கையில்தான். அவள் படலையைத் திறக்காவிட்டால் ஹோனை அடித்து ஊரைக் கூட்டுவேன். கூட்டிவிட்டு வெளியே நின்று இதை உரத்து வாசிப்பேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன், நேரம் எடுக்கும், எடுக்கட்டும். உன் பெயர் வருகிற இடத்திலும் குரலைத் தாழ்த்தமாட்டேன்.

உன்னில் சரியான கோபத்தோடு இருக்கிற,
உன் மச்சான்
இராசதுரை