பதினேழாம் வில்லை

மார்ச் 5, புதன்

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் சுகம். அந்தக் காட்டுச் சோதனைக் கேட்டில் உட்கார்ந்து குரங்குகளுக்குக் கடிதம் எழுதுகிறாயோ என்னவோ, அக்காவுக்கு ஒரு வரி இல்லை.

முந்தாநாள் உன் மச்சான் வண்டியோடு வந்து சேர்ந்தார். காட்டு ரோட்டை விட்டுச் சுற்று வழியாக வந்தாராம். முன்விளக்கு உடைந்திருக்கிறது. கேட்டால், "கிளை விழுந்துச்சுடி, விடேன்" என்கிறார். அன்றிலிருந்து சோற்றைப் பிசைகிறாரே தவிர, வாய்க்குப் போவதில்லை. "அப்பா சோத்தோட பேசுறாரு" என்று சின்னவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ ஒருமுறை பேசிப் பார். உன் பேச்சைத்தான் கேட்பார்.

உன் அக்கா

மார்ச் 8, சனி

அன்புள்ள அக்கா,

என் நிலைமையே இங்கே சரியில்லை. திங்கள் சாயங்காலம் காட்டு ரோட்டில் குழிக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தவரை ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. யானை நடமாடுகிற வளைவு. பின்னால் வந்த பால்வண்டிக்காரர் பார்க்காவிட்டால் ஆள் பிழைத்திருக்க மாட்டார். இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

எங்கள் முறை உனக்குத் தெரியும். மேல் கேட்டில் வண்டிக்கு எண் போட்ட ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். காட்டைத் தாண்டி வரும்போது நான் அதைத் திரும்ப வாங்க வேண்டும். அன்று பதினேழாம் வில்லை என் கைக்கு வரவில்லை. மேல் கேட்டில் வண்டி நம்பரை எழுதி வைப்பதும் கிடையாது. "நீ தூங்கிட்டே, அவன் போயிட்டான்" என்கிறார் அதிகாரி. தூங்கவில்லை அக்கா, உன்மேல் சத்தியம். கேட்டுக்கு முன்னால் பழைய மரலாரித் தடம் பிரிகிறதே, அதில்தான் போயிருக்க வேண்டும். சொன்னால் சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அன்றோடு வேலை போய்விடும்.

அந்தத் தடத்தை எனக்குக் காட்டியதே மச்சான்தான். வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று அவரிடம் கேட்டு எழுது.

தம்பி

மார்ச் 11, செவ்வாய்

தம்பி,

வீட்டுத் துணி எது வெளுக்க வந்தது, எது வரவில்லை என்பது எனக்கு மனப்பாடம். திங்கள் அவர் போட்டிருந்த சட்டை மட்டும் வரவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் தேடினேன். வண்டி சீட்டுக்கு அடியில் சுருட்டிக் கிடந்தது. பாக்கெட்டில் வில்லை. பதினேழு.

அவர் முன்னால் வைத்தேன். "ஆத்துல போடத்தான் போனேன். கை வரலடி" என்றார். பிறகு, "உன் தம்பிய நான் வேற வேலைக்குச் சேத்துவிடுறேன். நம்ம புள்ளைங்கள நினைச்சுப் பாரு" என்றார்.

நினைத்தேன். காலையில் கும்பிட உட்கார்ந்தால் ஆண்டவன் பெயர் வாயில் வரவில்லை, பிள்ளைகள் பெயர்தான் வந்தது. அப்புறம் அந்தத் தார் போடுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அங்கேயே நின்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உன் விசாரணைக்குப் புறப்படலாம் என்று அவரிடம் சொன்னேன். அதன் பிறகு முன்விளக்கை மாற்ற மெக்கானிக் வந்தபோது, "இருக்கட்டும்ப்பா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். உன் கேட்டில் நிறுத்தி அவரே வில்லையை நீட்டுவார். எல்லா வண்டிக்காரர்களிடமும் வாங்குகிற மாதிரியே வாங்கிக்கொள். அந்த நேரத்தில் மட்டும் "மச்சான்" என்று கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் நானே வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவேன்.

அக்கா