கறுப்பு இறக்கிய நாள்

வான் நகரம்
மே 19, காலை

அன்பு மகள் ஆய்லினுக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கால் வீக்கம் வடிந்துவிட்டது, இரத்த அழுத்தம் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நீயும் நலம் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், ஆனால் இருமல் நின்றதா என்பதை மறைக்காமல் சொல். போனில் பேசினால் நீ நன்றாக இருக்கிறேன் என்பாய், நானும் நன்றாக இருக்கிறேன் என்பேன், அத்தோடு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம். இதோடு ஒரு சின்னப் பொட்டலமும் வருகிறது. படித்து முடித்த பிறகு அதைப் பிரி.

உன் பயணப் பத்திரம் வரவில்லை என்று நீ சொன்ன அன்றே, இந்தப் பயணத்தையும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாம் சந்திப்பதாக இருந்த இந்த வான் நகரில் நீ இல்லாமல் எனக்கு என்ன வேலை. ஆனால் சொஹேலாவும் மெஹ்ரியும் விடவில்லை. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த காலத்திலிருந்தே அவர்கள் முடிவெடுப்பார்கள், நான் பின்னால் போவேன். சொஹேலா தன் மருந்துக்கடையை மூன்று நாள் தம்பியிடம் விட்டாள், மெஹ்ரி பள்ளியில் விடுப்பு சொன்னாள், முந்தாநாள் தப்ரீஸில் பஸ் ஏறினோம். எல்லையைத் தாண்டியதும் பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லோருடைய முக்காடும் கைப்பைக்குள் போய்விட்டது, என்னுடைய கறுப்பு மட்டும் தலையிலேயே இருந்தது. மெஹ்ரி திரும்பிப் பார்த்து, "இங்கேயும் யாருக்குடீ பயப்படுற, டிரைவருக்கா?" என்றாள். பயம் ஒன்றும் இல்லை, கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். உன் அப்பா போன இந்தப் பதினான்கு மாதமாக எனக்கு அப்படித்தான், ஒன்றைச் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இதை நீ கவலைப்படுவதற்காக எழுதவில்லை. வேலைக்குப் போகிறேன், ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன், ஒரு எண்ணும் தப்பாகவில்லை.

நேற்றுக் காலையில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். நீ வருவதாக இருந்தபோதே மெஹ்ரி நான்கு பேருக்குக் காலைச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தாள், மாற்ற மறந்துவிட்டாள். மேசை கொள்ளாமல் தட்டுகள். காட்டுப் பூண்டு போட்ட பாலாடைக்கட்டி, தேன், எருமைப்பால் ஏடு, மாவையும் முட்டையையும் வெண்ணெயில் கிளறிய ஒன்று, அது மட்டும் தொண்டையில் இறங்கியது. தேநீரை நான்தான் ஊற்றினேன். ஊற்றி முடித்துப் பார்த்தால் நான்கு கண்ணாடிக் குவளையும் நிறைந்திருந்தது. சொஹேலா தன்னுடையதைக் குடித்துவிட்டு, நான்காவதையும் இழுத்து வைத்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதையும் குடித்தாள். பிறகு கோட்டைக்கு ஏறினோம். மெஹ்ரி பாதியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "மூவாயிரம் வருஷமா இங்கேதானே இருக்கு, அதுவே இறங்கி வரட்டும்" என்றாள். மேலிருந்து ஏரி நன்றாகத் தெரிந்தது. அழகு என்று சொல்ல வேண்டிய இடம் என்று தெரிந்தது, சொன்னேன்.

மத்தியானம் ஏரியில் இருக்கும் தீவுக்குப் படகில் போனோம். அங்கே மீன் பொரித்துத் தருவார்கள் என்று மெஹ்ரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். படகுக்காரர், "இது முட்டை போடுற மாசம் அம்மா, பிடிச்சா தூக்கி உள்ளே வச்சிருவாங்க. மீனையில்ல, என்னை" என்று சிரித்தார். அப்போதுதான் நீ அனுப்பிய படத்தைச் சொஹேலாவுக்குக் காட்டினேன், உன் தோழி காத்ரினின் கல்யாணத்தில் எடுத்தது. சொஹேலா வெகுநேரம் பார்த்தாள். "கல்யாணத்துக்கும் கறுப்பா?" என்றாள். அந்த ஊரில் எல்லோரும் கறுப்புதான் போடுகிறார்கள், குளிர் தேசம் என்றேன். அவள் என் போனை வாங்கிப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். உன் பிறந்த நாள், ஆற்றங்கரை, வேலையில் சேர்ந்த நாள், எல்லாம் கறுப்பு. கல்யாணப் படத்தில் உன்னைத் தவிர எல்லோரும் நிறத்தில் இருந்தார்கள். மெஹ்ரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஏண்டீ ஃபர்சானே, இங்கே உன் துக்கக் கறுப்பை இறக்க நாங்க இருக்கோம். அந்தப் பிள்ளைக்கு அங்கே யாருடீ இறக்குவா?"

ஆய்லின், வாரம் இரண்டு முறை போனில் உன் முகத்தைப் பார்க்கிறேன். பதினான்கு மாதமாக எனக்கு இது கண்ணில் படவில்லை. தண்ணீரில் ஒரு துளி நிறம் மாறினால் கண்டுபிடிக்கிறவள் என்று எனக்குப் பெயர்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "உன் கறுப்பை நான்தான் வந்து இறக்குவேன், வேறு யார் நிறத்துணி கொண்டு வந்தாலும் வாங்காதே" என்றாய். வருஷம் முடிந்ததும் மாசூமே அத்தை நீலத்துணி கொண்டு வந்தபோது தேநீர் கொடுத்துத் துணியைத் திருப்பி அனுப்பினேன், அதிலிருந்து அத்தை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இந்தச் சடங்குகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். நீயும் என் கறுப்பு இறங்கும்வரை உன்னுடையதை இறக்குவதில்லை என்று வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பத்திரம் அடுத்த மாதம் வரலாம், அடுத்த வருஷமும் ஆகலாம். அதுவரை ஒருவருக்காக ஒருவர் கறுப்பில் உட்கார்ந்திருப்பதா?

சொஹேலா பையிலிருந்து ஒரு முக்காட்டை எடுத்தாள், பிஸ்தாப் பச்சை. தப்ரீஸிலேயே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்கள். உன் வாக்கைச் சொன்னேன். மெஹ்ரி, "அவ வந்து திட்டட்டும், வாங்கிக்கிறோம். முதல்ல தலையைக் குனி" என்றாள். குனிந்தேன். கறுப்பை எடுத்தார்கள், பச்சையைப் போட்டார்கள். புதிதாக எதையும் நான் உணரவில்லை, முன்னதைவிட எடை குறைவு, காது குளிர்ந்தது. சொஹேலாதான் அழுதாள். இறக்கிய கறுப்பு வீட்டுக்குத் திரும்பக் கூடாதாம், ஏரியில் போடுகிறேன் என்று மெஹ்ரி எழுந்தாள். ஏற்கெனவே உப்பும் சலவைச் சோடாவும் கரித்துக் கிடக்கிற தண்ணீர், அதில் இதையும் போடாதே என்றேன். மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள், கேட்டாலும் தர மாட்டாள்.

திரும்பி வந்ததும் உனக்கும் ஒரு நிறத்துணி எடுக்கக் கடைத்தெருவுக்கு நானே அவர்களை இழுத்துப் போனேன். கடைக்காரர், "பொண்ணு எப்படி இருக்கும், சிவப்பா, மாநிறமா, முடி என்ன நிறம்?" என்று கேட்டார். ஐந்து வருஷத்துக்கு முன் நேரில் பார்த்த உன்னைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. பதினேழு துணிகளை விரிக்க வைத்தேன். மெஹ்ரி, "தண்ணி டெஸ்ட் பண்றா இவ" என்று அவரிடம் சொன்னாள். கடைசியில் ஆப்ரிகாட் பழத்தின் நிறத்தில் ஒன்று எடுத்தேன், மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. பொட்டலத்தில் இருப்பது அதுதான், பிடிக்காவிட்டாலும் போடு.

இதை நீயே எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. இன்னொரு கை போட வேண்டும். காத்ரினைக் கூப்பிடு, அவளுக்கு அர்த்தம் புரிய வேண்டும் என்பதில்லை, தோளில் போட்டால் போதும். உன் கறுப்பை அவள் கையில் கொடுத்துவிடு, திரும்ப வாங்காதே. இறக்குகிறவர் நேரில்தான் வர வேண்டும், தபாலில் வந்தால் செல்லாது என்கிறாள் மெஹ்ரி. செல்லும் என்று நான் சொல்கிறேன்.

கீழே இருவரும் பெட்டியோடு கத்துகிறார்கள், பஸ்ஸுக்கு முன் தபால் நிலையம் போக வேண்டும். எல்லையில் போட என்னிடம் இப்போது பச்சை மட்டும்தான் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் ஊருக்குள் இறங்குவேன். மாசூமே அத்தை பார்த்ததும், யார் இறக்கியது என்றுதான் முதலில் கேட்பாள். ஆய்லின் என்று சொல்லப் போகிறேன். உன்னை அங்கே யாராவது கேட்டால், அம்மா என்று சொல்.

இறைவன் உன் பாதையை நேராக்கட்டும், உன் அப்பாவின் நல்ல பெயர் உன்னோடு இருக்கட்டும். அந்தப் பத்திர அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை போய்க் கேள், சலிக்காதே. இருமலுக்கு மருத்துவரைப் பார்.

உன் அம்மா
ஃபர்சானே