பத்தாம் வகுப்பு மாடியில் இருக்கிறது

7 ஜூலை 2008, திங்கள்

புழுக்கம். காலையிலேயே கரண்ட் கட், மோட்டார் போட முடியவில்லை. ஆரம்பாக்கத்தில் ரயில் தாமதம். பாக்டரிக்குப் போகிற பையன்களோடு நெருக்கியடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி.

பழைய பள்ளிக்கூடம். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் கால் தானாக ஸ்டாஃப் ரூம் பக்கம் போகிறது. ஆயா கன்னியம்மா கேட்டிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா டீச்சர், உனுக்கு இன்னும் சம்பளம் போடறாங்களா?"

ரஹீமா மாடிப்படிக்குக் கீழே, தனி பெஞ்சில். இரண்டு காலிலும் போலியோ. கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வருவாள். ஒன்பதாவது வரை வகுப்பு கீழே. என்னிடம் கணக்குப் படித்தவள். பத்தாவது மட்டும் மாடி. ஜூனில் தாய்மாமன் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார். வயதுக்கு வந்த பெண்ணை எல்லார் முன்னாலும் தூக்குவதா என்று அவள் அம்மா நிறுத்திவிட்டார். அதைத் தப்பென்று சொல்ல என்னால் முடியவில்லை. இப்போது மேலே பாடம் நடக்கும், இவள் கீழே இருப்பாள். இடைவேளையில் தேவி என்ற தோழி நோட்டைக் கொண்டு வந்து தருவாள். வருகைப்பதிவு மட்டும் குறையில்லாமல் விழுகிறது. பந்தியில் உட்கார வைக்காமல், கை கழுவுகிற இடத்தில் இலை போட்ட மாதிரி.

எச்.எம். அம்மா என்னோடு வேலை பார்த்தவர். நல்லவர்தான். ஆறாம் வகுப்பை மேலே அனுப்பிவிட்டுப் பத்தாவதைக் கீழே கொண்டு வரலாமே என்று மறுபடியும் கேட்டேன். சின்னப் பிள்ளைகள் படியில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார். மாடியில்தான் சத்தம் இல்லை, கீழே வந்தால் ரிசல்ட் கெடும் என்றார். கடைசியாக, "அதான் ரேம்ப் போட்டாச்சே டீச்சர்" என்றார்.

போட்டிருக்கிறார்கள், சக்கர வண்டி ஏறுகிற சாய்தளம். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் நன்கொடை, பெயர் பொறித்த கல்லோடு. திறந்து வைக்க வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று எச்.எம். அறை வாசலில் கட்டிவிட்டார்கள். அதில் ஏறினால் எச்.எம்.மைப் பார்க்கலாம்.

வாங்க வேண்டியது: முட்டி வலித் தைலம், மிளகு, இவருக்கு பி.பி. மாத்திரை.

9 ஜூலை, புதன்

பெரியபாளையம் வழியாக பஸ், திருவள்ளூர். கல்வி அலுவலகத்தில் ஒருவர் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, முழுக்கக் கேட்டார். ரொம்ப நியாயம் என்றார். எந்த வகுப்பு எங்கே என்பது மட்டும் தலைமை ஆசிரியர் முடிவாம்.

யாரும் மறுப்பதில்லை. எல்லாரும் ஆமாம் என்கிறார்கள். பெஞ்சை நகர்த்தத்தான் ஆள் இல்லை.

வீடு வந்து சேரும்போது இருட்டு. இவர், "ரிட்டையர் ஆனப்புறந்தான் நீ ஒழுங்கா டூட்டி பாக்குற" என்றார். சோறு மட்டும் வடித்து வைத்திருந்தார். மோர் விட்டுச் சாப்பிட்டோம். மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

மதியம் போனேன். படிக்கு அடியில் பெஞ்ச் காலி. பயந்துவிட்டேன். கன்னியம்மாதான் சொன்னாள்: பொண்ணு மேலே இருக்கிறதாம்.

காலையில் தானே ஏறியிருக்கிறாள். படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, உள்ளங்கையை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்ந்து. தேவி பையைத் தூக்கிக்கொண்டு கூடவே. வகுப்பே கை தட்டியதாம். எச்.எம். மைக்கில் அவள் பெயரைச் சொல்லித் தன்னம்பிக்கை பற்றிப் பேசினாராம். என்னைப் பார்த்ததும் எச்.எம்.முக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா டீச்சர், மனசு வெச்சா முடியுது. நாமதான் அனாவசியமா டென்ஷன் ஆயிட்டோம்."

மேலே போனேன். என் முட்டிக்கே அந்தப் படி அதிகம். ரஹீமாவின் பாவாடை முழுக்கப் புழுதி, கை சிவந்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கீழ குந்திக்கினு இருந்தா சார் பேசறது மட்டுந்தான் வருது டீச்சர். போர்டுல போடறது வரல."

கணக்கு சொல்லிக்கொடுத்த என்னிடமே சொல்கிறாள். படம் பார்க்காமல் வட்டமும் தொடுகோடும் எப்படிப் புரியும்? பாராட்டவும் வாய் வரவில்லை, திட்டவும் வரவில்லை. இனி யாரிடம் போய் இவளால் முடியாது என்று சொல்வேன்? முடிகிறது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இரவு தூக்கம் சரியில்லை. கொசு.

16 ஜூலை, புதன்

தூறல். வெயிலுக்குப் பரவாயில்லை. பஜாரில் ரஹீமாவின் அத்தா கடை, பின்கட்டில் வீடு. பழவேற்காட்டிலிருந்து வந்து கருவாடு வியாபாரம். அம்மா ஜுலேகா என்னை உள்ளே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தண்ணி பாட்டிலு ரொப்பிக் குடுத்தா அப்பிடியே திரும்பி வருது டீச்சரம்மா. கேட்டா தாகம் இல்லன்றா. நேத்து காய்ச்சலு. ஒண்ணுக்குப் போறப்ப எரியுதாம். எனுக்கு ஒரே பேஜாரா கீது."

பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கீழே. படுத்திருந்த ரஹீமாவைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "எறங்கி ஏறுனா ஒரு பீரியடு பூடும் டீச்சர்."

டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன்.

21 ஜூலை, திங்கள்

ரஹீமாவுக்குத் தேவலை, பள்ளிக்கு வந்துவிட்டாள். பாட்டில் விஷயத்தை எச்.எம்.மிடம் அப்படியே சொன்னேன். நானாக எதுவும் சேர்க்கவில்லை. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முதல் போஸ்டிங்கில் அவரும் இப்படித்தானாம். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடம், சாயங்காலம் வீடு வரை அடக்கிக்கொண்டு இருந்தாராம்.

பிறகு சொன்னார்: கீழே பழைய லேப் ரூமை ஒழித்துத் தருகிறேன், கணக்கும் அறிவியலும் இனி அங்கே. மற்றதெல்லாம் மேலேயே. "இதுக்கு மேல கேக்காதீங்க டீச்சர். மத்த பேரண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க."

நன்றி சொன்னேன். மனசார. கன்னியம்மா லேப் ரூமைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெளியே போர்டில் பத்தாவது டைம்டேபிள். தமிழ் மேலே. கணக்கு கீழே. இங்கிலீஷ் மேலே. மதியம் அறிவியல் கீழே. சமூக அறிவியல் மறுபடி மேலே. விரலை வைத்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். எல்லா நாளும் இதே கதை. இதுவரை காலையில் ஒரு தரம் ஏறினால் போதுமாக இருந்தது. இனி நாளுக்கு மூன்று தரம்.

திரும்ப உள்ளே போனேன். எச்.எம். மீட்டிங்குக்குக் கிளம்பிவிட்டார்.

தேவி அதற்குள் ஓடிப்போய் மேலே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ஜன்னலிலிருந்து ரஹீமா சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். டைம்டேபிளை அவள் இன்னும் பார்க்கவில்லை. நாளைக்குக் காலையில் முதல் ரயிலைப் பிடித்து எச்.எம்.மைப் பார்க்க வேண்டும்.