முன் கதவு யாருக்கு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். ஆபீஸ் ஏர்கோன் மறுபடியும் சொட்டுகிறது, சரியாக என் மேசைக்கு மேலே. கீழே வாளி.

இன்று:
– கார் போர்ச் வரைபடம், திருத்தம். மூன்றாவது தடவை.
– பள்ளிக் கழிப்பறை. ஓடு என்ன நிறம் என்று கேட்டிருந்தேன், பதிலில்லை. மறுபடி போன்.
– போர்ட்ஃபோலியோ!!

சிங்கப்பூர் கம்பெனிக்கு அனுப்ப இந்த மாதம்தான் கடைசி. கூடப் படித்த ஷாலினி அங்கே இருக்கிறாள். தினமும் மெசேஜ்: "அனுப்பிட்டியா?" முதல் பாதி, படிக்கும்போது செய்தவை. ஒரு நூலகம், ஒரு படகுத்துறை, மலாக்கா ஆற்றோரம் எட்டுக் குடும்பங்கள் ஒரே அடுக்களையில் சமைத்துச் சாப்பிடும் குடியிருப்பு (இறுதியாண்டு, பரிசு வாங்கியது). இரண்டாம் பாதி, வேலைக்கு வந்தபின் செய்தவை. கார் போர்ச், கார் போர்ச், காவலர் சாவடி, கழிப்பறை. இரண்டையும் ஒரே ஆள் செய்ததாக யாரும் நம்ப மாட்டார்கள்.

மத்தியானம் ராஜரத்தினம் சார் கூப்பிட்டார். எங்கள் ஆபீசின் ஒரே ஆர்க்கிடெக்ட் அவர். நான் இன்னும் அவருடைய கையெழுத்துக்குக் கீழே வேலை செய்கிறவள். புக்கிட் காத்திலில் ஒரு முனை வீடு, அண்ணன் தம்பி இரண்டு பேருக்காக நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். "நீதானே குடும்பங்கள் சேர்ந்து வாழ்றதுக்கு தீசிஸ் செஞ்ச. இத நீயே பாரு" என்றார். கேலியா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் அதெல்லாம் தெரியாது.

ஜூலை 9, புதன்

மழை வரும்போலிருந்தது, வரவில்லை. புழுக்கம்.

புக்கிட் காத்தில் வீட்டை அளந்தேன். மாடி இல்லாத வரிசை வீடு, முனை வீடு என்பதால் பக்கத்தில் கொஞ்சம் காலி இடம். முன்னால் ஹால், பிறகு மூன்று அறை, கடைசியில் அடுக்களை.

மூத்தவர் குமரேசன், ஃபேக்டரியில் டெக்னீஷியன். இளையவர் சரவணன், லாரி ஓட்டுகிறார். (இனி மூ., இ.) தீபாவளியிலிருந்து இருவரும் பேசுவதில்லை. எதில் தொடங்கியது என்று இருவரும் சொல்லவில்லை. கார் நிறுத்துவதில் என்று சார் நினைக்கிறார். அந்த வாசலைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சுவர் எங்கே வர வேண்டும் என்று டேப் ஒட்டியே வைத்திருந்தார்கள். ஹாலின் நடுவே, வாசல் கதவிலிருந்து அடுக்களை வரைக்கும், நீலக் கோடு. அடுக்களையில் ஏற்கெனவே இரண்டு அடுப்பு, இரண்டு கேஸ் தோம்பு, இரண்டு உப்பு ஜாடி. என் தீசிஸில் எட்டுக் குடும்பம் சிரித்துக்கொண்டே ஒரே இடத்தில் சமைத்தது. எல்லாரும் கணினியில் வெட்டி ஒட்டிய ஆட்கள்.

மூ. என்னிடம் இ.யைப் பற்றிச் சொல்லும்போது "அந்தப் பக்கம்" என்றார். இ. அண்ணனை "அவுரு" என்றார். பெயர் இல்லை.

மூன்று அறையில் ஒன்று மூ. குடும்பம், ஒன்று இ. குடும்பம், மூன்றாவதில் பிள்ளைகள். அம்மா எங்கே படுக்கிறார் என்று கேட்டேன். வரைபடத்தில் எழுத வேண்டுமே. மூ. மனைவி சோபாவுக்குப் பின்னால் காட்டினார். மடித்து வைத்த மெத்தை, மேலே ஒரு தலையணை. நீலக் கோடு அதற்கு அடியில் போகிறது.

அம்மா வேலைக்குப் போயிருந்தார். தனியார் மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவு. லூபோக் சீனா பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களாம். புருஷன் போனபின் பிள்ளைகளோடு டவுனுக்கு வந்து இந்த வீட்டைத் தானே வாங்கினாராம். வீடு இன்னும் அவர் பேரில்தான்.

ஜூலை 14, திங்கள்

முதல் பிளான் முடித்தேன். நேர் சுவர். முன் கதவு மூ.க்கு, இ.க்குப் பக்கத்தில் புதுக் கதவு. அம்மாவுக்கு மூ. பக்கம் சின்ன அறை. ஜன்னல் வைக்க இடமில்லை. விதிப்படி ஜன்னல் வேண்டும். "ஸ்டோர்" என்று எழுதினால் மாநகர் மன்றம் ஒன்றும் கேட்காது என்றார் சார். எழுதினேன். பிறகு பெயரை அழித்துவிட்டு வெறும் கட்டமாக விட்டேன்.

கழிப்பறை ஓடு: பச்சை. அப்பாடா.

ஜூலை 17, வியாழன்

தலைவலி. பனாடோல்.

மூ. காலையில் வந்தார். இ. மத்தியானம். ஒன்றாக வர மாட்டார்கள், ஒரே பிளானை இரண்டு தடவை விளக்க வேண்டும். இருவரும் கேட்டது ஒன்றே: முன் கதவு யாருக்கு? மூ.க்கு, மூத்தவர் என்பதால் தனக்கு வேண்டும். இ.க்கு, சாமி மேடை தன் பக்கம் வருவதால் தனக்கு வேண்டும். அம்மா அறை என்றதும், தம்பியும் பார்த்துக்கொள்ளட்டுமே என்றார் மூ. அண்ணனிடம்தானே பெரிய பாதி இருக்கிறது என்றார் இ. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று யார் முதலில் சொன்னார்கள் என்று இப்போது ஞாபகமில்லை. இருவருமே தலையாட்டினார்கள். எட்டு மாதத்தில் முதல் ஒப்பந்தம்.

இரண்டாம் பிளான் வரைந்தேன். இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லாத கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில். கட்டிலை கோப்பி பேஸ்ட் செய்தேன். சோர்வு. எட்டு மணிக்கே தூங்கிப் போனேன்.

ஜூலை 21, திங்கள்

விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். பேப்பர் வீட்டுக்குப் போய், கையெழுத்து இல்லாமலே திரும்பி வந்தது. அம்மா "அப்பறம் பாக்கலாம்" என்றாராம். மூ. போனில் என்னிடம் கோபப்பட்டார், நான்தான் ஏதோ செய்த மாதிரி.

ஜூலை 22, செவ்வாய்

சாயந்திரம் பெரிய மழை. ஆபீஸ் பூட்டும் நேரத்தில் மாடிப்படியில் ஈர ஷூ சத்தம். மழைக்கோட்டோடு ஓர் அம்மா. மருத்துவமனைச் சீருடை, கையில் ஹெல்மெட். மோட்டாரிலேயே வந்திருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும், ஆனால் நடை வேகம்.

"குமரேசன் அம்மா. நீதான் எங்க வீட்டு பிளான் போடற பிள்ளையா?"

உட்காரச் சொன்னேன். நாற்காலி நனைந்துவிடும் என்று நின்றார். வற்புறுத்தியபின் நுனியில் உட்கார்ந்தார். பிளானை விரித்துக் காட்டினேன். சுவர் எது, கதவு எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விரல் கோட்டின் மேலேயே போனது.

"இதுல நான் எங்க?"

கட்டங்களைக் காட்டினேன். ஆறு மாதம் இது, ஆறு மாதம் அது.

"ரெண்டு கட்டில் போட்டிருக்க."

"ஆமா ஆண்ட்டி."

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா தலையணய தூக்கிக்கிட்டு வீடு மாத்த நான் என்ன வாடகைக்கா இருக்கேன்? வீடு யார் பேருல இருக்கு?"

"உங்க பேருலதான்."

"அப்ப என்னைய யாரும் கேக்கல பாரு." கோபமாகச் சொல்லவில்லை. மழை விட்டதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஐந்து வருடப் படிப்பில் அவர்கள் சொல்லிக்கொடுத்ததே இந்த ஒரு கேள்விதான்.

ரொம்ப நேரம் யோசிப்பார் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே வைத்திருந்தார்.

"ஹால் எனக்கு. முன் கதவு எனக்கு. ஜன்னல் ரோட்டப் பாத்தாப்ல இருக்கணும். எனக்குப் பின்னால அவனுங்க எப்படியோ பிரிச்சுக்கட்டும், சுவர் வெக்கட்டும், எனக்கு என்ன. மூத்தவன் பக்கத்து வழியா வரட்டும், சின்னவன் பின்னால வரட்டும்."

"உள்ள வழி வேணாமா ஆண்ட்டி? உங்க பேரப்பிள்ளைங்க வர்றதுக்கு?"

இதற்குத்தான் யோசித்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரு கதவு வை. தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கட்டும்."

மழை விடவில்லை. டீ கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 23, புதன்

மத்தியானம் சாப்பிடாமல் வரைந்தேன். வேலைக்கு வந்தபின் பசி தெரியாமல் வரைந்தது இதுதான் முதல் தடவை. முன்னால் அம்மா அறை, ஜன்னலுக்கு அடியில் சின்ன சிங்க், ஒரு அடுப்பு வைக்க மேடை. சாமி மேடை அம்மா பக்கமே, அதற்காகவும் சண்டை வேண்டாம். சுவர் அவர் அறைக்குப் பின்னால் தொடங்குகிறது. மூ.க்குக் கொஞ்சம் இடம் குறைகிறது. இ.க்குக் கொல்லைப் பக்கம் நீட்டிக்கொள்ளலாம்.

சாரிடம் காட்டவில்லை. பயம்.

ஜூலை 25, வெள்ளி

காட்டும்முன்பே மூ. வந்துவிட்டார். அம்மா வீட்டில் சொல்லிவிட்டார் போல. சாரின் அறைக்கதவு திறந்தே இருந்தது, எல்லாம் கேட்டது. காசு கொடுப்பது தான் என்றும், ஒரு சின்னப் பெண் தன் அம்மாவின் மனதைக் கெடுத்துவிட்டாள் என்றும், தன் வீட்டுக்குள் தான் சந்து வழியாகப் போக வேண்டுமா என்றும், வேறு ஆர்க்கிடெக்ட்டைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் திரையை விட்டுத் திரும்பவில்லை. மௌஸைப் பிடித்துக்கொண்டேன்.

சார் கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு சோர்ந்த குரலில், "குமரேசன், வேற யார்கிட்ட போனாலும் உங்க அம்மா சைன்தான் கேப்பாங்க" என்றார்.

அவர் போனபின் என்னைக் கூப்பிட்டார். பிளானைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். பென்சிலால் சிங்க்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "பைப் இந்த சுவத்துலதான் வரும்." அவ்வளவுதான். மறுபடி தன் கார் போர்ச் வரைபடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டில் என் அம்மாவிடம் சொன்னேன். மெத்தை, நீலக் கோடு எல்லாம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, மூத்தவர் என்ன ஆனார் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஏர்கோன் ரிப்பேர் ஆனது. உடனே குளிர் தாங்கவில்லை.

கையெழுத்து வந்தது! இ. கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னார். மூ. வீட்டை விட்டே போகிறேன் என்றாராம். அம்மா துணி மடித்துக்கொண்டே, "போறதுன்னா போ லா. வாடகை எவ்வளவுன்னு விசாரிச்சுட்டு போ" என்றாராம். மூ. இரண்டு நாள் மாமியார் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாராம். அப்பறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

உங்களுக்குச் சந்தோஷமா என்று கேட்டேன். இ. தோளைக் குலுக்கினார். "எனக்கும் பின் வாசல்தானே." பிறகு, "அம்மாவுக்குக் கட்டில் வாங்கணும். என்ன சைஸ் போகும் அந்த ரூம்ல?" சொன்னேன். கையில் எழுதிக்கொண்டார்.

போர்ட்ஃபோலியோ அனுப்பினேன். கடைசிப் பக்கத்தில் இந்த வீடு.

ஆகஸ்ட் 6, புதன்

சிங்கப்பூர் இன்டர்வியூ, வீடியோவில். மூன்று பேர். எல்லாம் ஆற்றோர அடுக்களையைப் பற்றித்தான். அழகு என்றார்கள். கடைசிப் பக்கத்தில் ஒருவர் நிறுத்தி, எத்தனை மாடி என்றார். மாடி இல்லை, ஒரு ஹாலும் ஒரு சுவரும் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வி. விளக்கியிருக்கலாம். களைப்பு, விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. ஷாலினி போனில் கத்தினாள். நானும் சிரித்தேன். பிறகு கட்டிலில் மல்லாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். அழுகையும் கூடவே வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

அம்மா: "போ. மாசம் ஒருக்கா வா." அப்பா உடனே பஸ் நேரம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

திங்கள் சாரிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் போறாங்க." பிறகு, அந்த வீட்டு அனுமதி வரும்வரை இருக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

அனுமதி வந்தது. ஜன்னல் அளவில் மட்டும் ஒரு கேள்வி, பதில் எழுதிவிட்டேன். சுவர் கட்டும் குத்தகைக்காரர் அடுத்த வாரம் முடிந்து திங்கள் தொடங்குவார். அப்போது நான் இருக்க மாட்டேன்.

பெட்டி கட்டணும். படிக்கும்போது அட்டையில் செய்த மாடல் எல்லாம் எங்கே வைப்பது? அம்மா "குப்பையா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

செப்டம்பர் 20, சனி

வெயில், ஆனால் காற்று. நாளை மத்தியானம் பஸ்.

கடைசியாக ஒரு தடவை புக்கிட் காத்தில் போனேன். சுண்ணாம்பில் சுவர்க்கோடு போட்டு, கதவு வரும் இடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும், குத்தகைக்காரர் கேட்டிருந்தார். போய்ப் பார்த்தால் ஹால் இன்னும் காலியாகவில்லை. சோபா வெளியே போயிருந்தது. டிவி அலமாரி மட்டும் நடுவே, கண்ணாடிக் கதவு வைத்த பழைய பெரிய அலமாரி. தூக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை.

ஆண்ட்டி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே அலமாரியைப் பார்த்தார், மகன்களைப் பார்த்தார். என்னிடம், "போயிட்டு வா மா. சாப்பாட்டுக்கெல்லாம் சோம்பல் படாத" என்றார். மோட்டார் போய்விட்டது.

மூ. ஒரு முனையில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இ. மறு முனைக்கு வந்தார். இருவரும் அலமாரியைத்தான் பார்த்தார்கள். நான் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"தூக்கு."

"இரு, கை வழுக்குது."

"ம்."

"இப்ப."

கொஞ்சம் தூக்கினார்கள். கண்ணாடி குலுங்கியது. மூ. பின்னால் நடந்து வந்தார், கால் எங்கே வைக்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

"படி இருக்கு," என்றார் இ. "பாத்துண்ணே."