சரிவு போதாத கூரை

புரட்டாசி 20, செவ்வாய்

ஒரகடம் கம்பெனியில் லீவு போட்டுப் பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்காக, பழைய ஓட்டு வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டினோம். "சரிவு பத்தாதும்மா, ஓடு போட்டா தண்ணி உள்ள வந்துடும். ஷீட்டு போட்டுக்கலாம்" என்றார் கொத்தனார் ஏழுமலை. முன்வீட்டைப் போலவே ஓடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்துப் போட வைத்தேன்.

இன்று காலை அவர் கூரைமேல் ஏறி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அது ஓடுகளுக்கு அடியில் புகுந்து சுவரில் இறங்கியது. சுவிட்ச் போர்டில் பொறி பறந்தது. பக்கத்தில் நின்ற மகளை என் கணவர் வெளியே இழுத்துவிட்டார்.

"எல்லா ஓட்டையும் எறக்கிடுப்பா" என்றேன் ஏழுமலையிடம்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "இன்னாம்மா, இன்னும் அழுதுகினு இருக்கே?" என்று என்னைத் தேற்றினாள். திட்டியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.