பதினேழாம் எண் படகு கிடைத்தது

கரஷோக்கி,
9 அக்டோபர் 1983

கொழுந்தன் ஸாகினுக்கு,

நீயும் வீட்டாரும் நலமா? பால்காஷ் ஏரியில் இந்த வருடம் மீன் உண்டா? கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இருபத்தொரு வருடம் கழித்து உன் அண்ணி எழுதுகிறேன். நம் பதினேழு கிடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஒதெகென் தொலைந்த ஒட்டகத்தைத் தேடி, அரால் கடல் வற்றிப்போன பக்கம் போனான். நான்காம் நாள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். "அக்கா, மணல்ல ஒரு படகு நிக்குது. முன்னால பதினேழுன்னு போட்டிருக்கு. நான் கையே வைக்கல, பயந்துட்டேன்" என்றான்.

இறந்தவருக்கான ஏழு ரொட்டியைப் பொரித்து எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினேன். நீயும் உன் அண்ணனும் வலை வீசிய இடமெல்லாம் ஒட்டகம் நடந்து போகிறது, ஸாகின். அதன் காலடியில் கிளிஞ்சல் நொறுங்குகிறது. இங்கே தலைக்கு மேல் எத்தனை ஆள் ஆழம் தண்ணீர் இருந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். வெறும் வானம்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு மூச்சு முட்டியது.

படகு சாயாமல் நேராக நின்றது. போரில் ஒரு கையை இழந்து வந்த உங்கள் அப்பா செய்த படகு. அவர் ஆணியைப் பிடிக்க, நீங்கள் இருவரும் அடித்தீர்களாம். உன் கட்டைவிரல் நசுங்கியபோது, "படகுக்கு ரத்தம் காட்டியாச்சு, இனிமே கவுராது" என்று சிரித்தாராம். அதில்தான் நான் மணப்பெண்ணாக வந்தேன். சீர்வரிசையோடு வந்த செம்மறி உன் அண்ணன் உமிர்ஸாக்கின் கல்யாணத் தொப்பியைத் தின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில் மகள் அய்மான் பிறந்ததும் அதில்தான். மீன் செதில் ஒட்டிய துணியில் அவளைச் சுற்றிக்கொண்டு வந்தார் உன் அண்ணன்.

புயலடித்த அன்று, உன் அண்ணன் இருந்த பதினேழை உன் மோட்டார் படகின் பின்னால் கட்டி இழுத்து வந்தாய். நீ மட்டும் கரை சேர்ந்தாய். உன் பக்கத்துக் கயிறு கத்தியால் அறுபட்டிருந்தது. "கயிறு திடீர்னு தொய்ஞ்சுது அண்ணி. மோட்டார் விசிறியில சுத்திக்கிச்சு, அதுக்கப்புறம்தான் அறுத்தேன்" என்று அழுதாய். ஊர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. "கூடப் பொறந்தவனை அறுத்து விட்ட கை என் புள்ளைங்க மேல படக்கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்த வார்த்தையை மாற்றி எழுத எனக்கு வழி இல்லை.

கயிறு கட்டும் முன்கட்டையை மூடியிருந்த மணலை ஒதெகென் தோண்டினான். நீ போட்ட முடிச்சு தார் காய்ந்து இறுகி அப்படியே இருந்தது. அது அவிழ்ந்துவிட்டதோ என்று இத்தனை வருடம் நீ கலங்கியிருந்தால் கேட்டுக்கொள், அவிழவில்லை. ஆனால் முடிச்சுக்கு அப்பால் ஒரு சாண் கயிறுகூட இல்லை. அருகே பலகையில் மூன்று வெட்டு. துருவேறிய கோடரி படகுக்குள்ளேயே கிடந்தது. ஒதெகென் அதை எடுத்து வெட்டில் பொருத்திப் பார்த்தான். பிறகு, "இந்தப் பக்கத்துலேருந்துதான் வெட்டியிருக்கு அக்கா. தண்ணி ரொம்பின படகு பின்னால தொங்கினா முன்னால போறதும் முழுகிடும்ல. தம்பியாவது பொழைக்கட்டும்னு அவரே வெட்டியிருக்காரு" என்றான்.

அந்த வெட்டுகளில் விரலை வைத்துப் பார்த்தேன். அலை தூக்கி எறியும் படகில் நின்று, இரண்டு தடவை குறி தவறியும் மூன்றாவது தடவை ஓங்கியிருக்கிறார். இடையில் மனம் மாற நேரம் இருந்தது. மாறவில்லை. பதினொரு வருடம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன், இத்தனை பெரிய மனிதரோடுதான் வாழ்ந்தேன் என்று தெரியாமல். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எலும்பு எதுவும் இல்லை. ரொட்டியை வைத்து, தெரிந்ததை ஓதிவிட்டு வந்தோம்.

ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை ஏசியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் தலை குனிந்தார்கள். முதலில் குனிந்தது நான்.

படகில் மணல் ஏறிக்கொண்டிருக்கிறது. பனிக்காலத்துக்குள் மூடிவிடும் என்கிறான் ஒதெகென். அதற்குள் வா, ஸாகின். நீயே கண்ணால் பார்க்க வேண்டும்.

உன் வலை நிறையட்டும். உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அரால் ஸ்டேஷனில் நான் வந்து நிற்பேன். என்னைப் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, ரயிலை விட்டு இறங்கு.

உன் அண்ணி,
குல்பார்ஷின்