நான்காம் கேள்விக்கு எழுதிய பதில்

நாகலூர்,
9.11.2025

மதிப்பிற்குரிய ஷஹீதா மேடம் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பு அபிஷா வணக்கத்துடன் எழுதுவது. சென்ற மாதம் வீடற்றோர் கணக்கெடுப்புக்காக எங்கள் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு வந்தீர்களே, அன்று கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று டீச்சர் உங்களோடு அனுப்பிய பெண் நான்தான். நீங்கள் கேட்கக் கேட்க நான் படிவங்களில் எழுதினேன். கிளம்பும்போது, "விட்டுப்போனது ஏதாவது தோணினா எழுது" என்று முகவரி கொடுத்தீர்கள். அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நான்காம் கேள்வி: "குடும்பத்துக்கு வீடு உள்ளதா?" அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். பஸ் ஸ்டாண்டிலும் ஏரிக்கரையிலும் படுப்பவர்கள் கண்ணில் படுகிறார்கள், எண்ணிவிடலாம். பூட்டிய கடைக்குள்ளும் காப்பிக் குடோனிலும் படுப்பவர்களை எப்படி எண்ணுவது? கேள்வியை இப்படி மாற்றினால் என்ன: "நேற்று எங்கே தூங்கினீர்கள்? அந்த இடம் யாருடையது? போகச் சொன்னால் வேறு இடம் உண்டா?"

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் குடோனில் இருக்கிறது. அவர்களுடைய படிவத்தில் "ஆம்" என்று இருக்கிறது.

பதில் எழுதினால் பள்ளி முகவரிக்கே எழுதுங்கள். அதிகம் பேசிவிட்டேன் என்றால் மன்னிக்கவும்.

தங்கள் அன்புள்ள,
அபிஷா


சேலம்,
17.11.2025

அன்புள்ள அபிஷா,

பதினெட்டு வருடமாகப் படிவங்களோடு ஊர் ஊராக அலைகிறேன். கேள்வியையே திருத்தி அனுப்பிய முதல் ஆள் நீதான். உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். கார்த்தி சார், "மேடம், இந்தப் பொண்ணு சீக்கிரமா படிச்சு முடிச்சா உங்க நாற்காலி போச்சு" என்கிறார். உன் மூன்று கேள்விகளையும் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த கணக்கெடுப்பில் சேர்த்தாலும் சேர்ப்பார்கள்.

ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டாம். வீட்டுமனை கொடுப்பது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். இப்போது "ஆம்" என்று இருந்தால் அவர்களுக்கு மனை கிடையாது. பெயரையும் இடத்தையும் எழுது. நான் திருத்துகிறேன்.

அரைப்பரீட்சை நெருங்குகிறது. படிப்பையும் பார்.

அன்புடன்,
ஷஹீதா


நாகலூர்,
23.11.2025

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆறு முறை படித்தேன். பெயரை மட்டும் எழுத முடியவில்லை. மற்றதெல்லாம் எழுதுகிறேன்.

ஒரு தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும். தகப்பனார் காப்பித் தோட்டத்து நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து இறந்துவிட்டார். லைன் வீடு எஸ்டேட்டில் பதிவுள்ள ஆளுக்குத்தான். அம்மாவுக்கு வெறும் தினக்கூலி, பதிவு கிடையாது. அதனால் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் மட்டும் பழைய வீட்டு எண் அப்படியே இருக்கிறது.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அவர்களைக் குடோனில் இருக்க விட்டார். பறிப்பு இல்லாத மாதங்களில் குடோன் காலியாக இருக்கும். இப்போது காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள், தினமும் மூட்டை வருகிறது. போன வாரம் மூன்று பாய் விரிக்க இடம் இருந்தது, இந்த வாரம் இரண்டுக்குத்தான். வெளிச்சம் வெளியே தெரியும் என்பதால் விளக்குப் போடுவதில்லை. சின்னவளுக்கு இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்ளப் பழக்கியிருக்கிறார்கள்.

ரைட்டர் விஷயம் வெளியே தெரிந்தால் அவர் வேலை போய்விடும். அவர் குடியிருப்பதும் எஸ்டேட் வீடுதான், அதுவும் போய்விடும். இவர்களை எண்ணப்போய் உங்கள் பட்டியலில் இன்னொரு குடும்பம் கூடிவிடும்.

பெயர் எழுதாமல் மூன்று பேர் என்று மட்டும் சேர்க்க முடியுமா?

தங்கள்,
அபிஷா


சேலம்,
29.11.2025

அன்புள்ள அபிஷா,

பெயர் இல்லாதவர்களை எண்ண எனக்கு அதிகாரம் இல்லை. விதி அப்படி. திருத்தம் கேட்பவர்கள் தங்கியிருக்கும் இடத்தை ஓர் ஆள் நேரில் வந்து பார்க்கவும் வேண்டும். டிசம்பர் 13, சனிக்கிழமை, நாகலூருக்குச் சரிபார்க்க ஆள் வருகிறார். அன்றோடு பட்டியல் முடிகிறது.

கண்ணு, கோபித்துக்கொள்ளாதே. உங்கள் ஊர்ப் படிவங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏழாம் நம்பர் லைன் வீட்டில் ஒரே அறைக்கு இரண்டு ரேஷன் கார்டு, ஒன்றில் உன் பெயர். அன்று நமக்கு டீ கொடுத்த வீடு அது. வாசலில் நின்று பதில் சொன்னவர் உன் அம்மாதானே?

அன்புடன்,
ஷஹீதா


நாகலூர்,
3.12.2025

மேடம்,

ஆமாம். அது எங்கள் பழைய வீடு, இப்போது மாதம்மாள் அக்கா வீடு. நீங்கள் வருவது தெரிந்ததும் அம்மா அவரிடம் கெஞ்சி, அரை மணி நேரத்துக்கு அந்த வாசலைக் கேட்டு வாங்கினார். அக்கா தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தார். சர்க்கரை டப்பா எங்கே என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நீங்கள் கவனிக்கவில்லை.

"எங்க ஊடு இதுதானுங்க" என்றார் அம்மா. நான் தலையைக் குனிந்துகொண்டு "ஆம்" கட்டத்தில் டிக் போட்டேன்.

திருத்தலாமா என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன். "ஊடு இல்லீங்கன்னு ஆபீசருகிட்ட எப்படி கண்ணு சொல்றது? பொட்டப்புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இங்கெல்லாம் இருக்கக் கூடாதுன்னு உங்க ரெண்டு பேரையும் ஹாஸ்டல்ல கொண்டுபோய் உட்டுட்டா? ரைட்டர் ஊட்டுல சோறு தின்னவ நானு. அவர காட்டிக் குடுக்கச் சொல்றியா?" என்றார்.

ஆகவே வேண்டாம், மேடம். என் மூன்று கேள்விகளை மட்டும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனி எழுத மாட்டேன்.

அபிஷா


நாகலூர்,
9.12.2025

மதிப்பிற்குரிய ஷஹீதா மேடம் அவர்களுக்கு,

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். அம்மா எழுதச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்ததும் உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டச் சொன்னார். "எண்ண அதிகாரம் இல்லை" என்ற இடத்தை இரண்டு முறை படிக்க வைத்தார். பிறகு, "பொய் சொன்னது நானு. ஆனா அது உன்ர கையெழுத்துல இருக்குது சாமி. நொம்ப நாளா அதுதான் என்னைய தின்னுது" என்றார்.

நேற்று காலை எங்கள் சாமான்களை இரண்டு சாக்கில் கட்டினோம். அம்மா ரைட்டர் பெரியநாயகம் ஐயாவிடம் போய், "ஏனுங்க, நாங்க உங்க குடோன்ல இருந்ததே இல்லீங்க. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிப்போடுங்க" என்றார்.

"மழை வருதுங்கம்மா. நின்னதுக்கப்புறம் போலாமுங்க."

"மழை நிக்கறதுக்குள்ள பட்டியலு முடிஞ்சுபோயிருமுங்க."

ஐயா குடையை நீட்டினார். அம்மா வாங்கவில்லை. தங்கை ஆஷ்லின் வாங்கிக்கொண்டாள்.

திருத்தம் கீழே. அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஞானசுந்தரி, வயது 38, தினக்கூலி.
அபிஷா, 15, மகள்.
ஆஷ்லின், 9, மகள்.
நான்காம் கேள்வி: இல்லை.
இப்போது இருக்கும் இடம்: நாகலூர் ரேஷன் கடை வராந்தா.

ஹாஸ்டலைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் பயம்தான். எங்களைப் பிரிக்கக் கூடாது என்று எழுத ஏதாவது கட்டம் இருந்தால் அதையும் நிரப்பிவிடுங்கள்.

சனிக்கிழமை வருபவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். கடை ஒன்பதரைக்குத் திறந்துவிடும். அதற்கு முன்பே அம்மா பாயைச் சுருட்டி, சாக்குகளைப் பின்னால் மறைத்து, வராந்தாவைக் கூட்டிக் கழுவிவிடுவார். அதற்குப் பிறகு வந்தால், அங்கே யாரும் இருந்த மாதிரியே தெரியாது.

அபிஷா
ஞானசுந்தரி